'வாக்கபிள் டிஸ்டன்ஸ்தான் சார்': சென்னையில் நடந்து வாழ ஒரு ஏரியா தேடுவது எப்படி?

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் வாசகம் இது: "ஸ்டேஷன் வாக்கபிள் டிஸ்டன்ஸ்தான் சார்." புரோக்கர் சொல்வார், வீட்டு ஓனர் சொல்வார், விளம்பரத்திலும் இருக்கும். யாரும் பொய் சொல்வதில்லை, அவரவர் மனதில் அந்தச் சொல்லுக்கு ஒவ்வோர் அர்த்தம் இருக்கிறது, அவ்வளவுதான். ஒருவருக்கு அது மரமும் பூங்காவும் அமைதியும். இன்னொருவருக்கு மேப்பில் தெரியும் தூரம். எங்கே போனாலும் பைக்கில் போய்ப் பழகியவருக்கு ஒரு கிலோமீட்டர் எப்போதுமே பக்கம்தான். வெளியூரிலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு முதல்முறை வருகிறவர் இந்த மூன்றும் ஒன்றுதான் என்று நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பதினொரு மாத ஒப்பந்தம் முடியும்வரை ஆட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் அப்படித்தான் நடந்தது.

## வாக்கிங் வேறு, நடந்து வாழ்வது வேறு

நம் பேச்சில் இப்போது 'வாக்கிங்' என்றால் உடற்பயிற்சி. ஷூ மாட்டிக்கொண்டு பூங்காவை நாலு சுற்று சுற்றுவது. காலை ஆறு மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரையிலோ அண்ணா நகர் டவர் பார்க் வாசலிலோ நின்று பாருங்கள், நடப்பதற்காகவே காரிலும் ஸ்கூட்டரிலும் வந்து இறங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். அதில் தப்பு எதுவும் இல்லை, உடம்புக்கு நல்லது. ஆனால் 'இந்த ஏரியாவில் வாக்கிங் போக நல்லா இருக்கும்' என்பதற்கும் 'இந்த ஏரியாவில் நடந்தே வாழ்ந்துவிடலாம்' என்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம்.

நடைவசதி என்று இங்கே நான் சொல்வது இரண்டாவதை. அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றை வண்டி எடுக்காமல், இன்னொருவரை எதிர்பார்க்காமல், பயமில்லாமல் நடந்தே முடித்துக்கொள்ள முடிவதுதான் நடைவசதி. பால், இட்லி மாவு, காய்கறி, மெடிக்கல், டாக்டர், இஸ்திரி, பிள்ளையின் டியூஷன், பஸ் ஸ்டாப், இவைதான் கணக்கு.

இந்த வித்தியாசத்தை எனக்குப் புரியவைத்தது அம்மா. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள், வண்டி ஓட்டத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. நான் ஓஎம்ஆர் எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் ஒரு பெரிய குடியிருப்பில் ஏழாவது மாடியில் வீடு எடுத்து அவளைக் கூட்டிவந்தேன். உள்ளே புல்வெளி, நீச்சல் குளம், கல் பதித்த நடைபாதை எல்லாம் இருந்தன. மூன்றாவது வாரம் கேட்டாள்: "ஒரு முழம் பூ வாங்கணும்னாகூட உன்னைத்தான் கேக்கணுமா?" தினமும் சாயந்திரம் அந்தக் கல் பதித்த பாதையில் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டுதான் இருந்தாள். வாக்கிங் நடந்தது, ஆனால் ஒரு வேலைக்காகத் தானாக எழுந்து போய்விட்டு வரும் நடை அவளிடமிருந்து போய்விட்டது.

## சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள்

அடுப்பு ஹாலில் இருக்கிறது, குழாய் கொல்லைப்புறத்தில், அஞ்சறைப் பெட்டி பரண்மேல். மூன்றுமே நல்ல தரமான பொருட்கள்தான். ஆனால் அந்த வீட்டில் ஒரு ரசம் வைத்து இறக்குவதற்குள் சமைப்பவருக்குப் பாதி உயிர் போய்விடும். சமையலறை நன்றாக இருக்கிறது என்று நாம் சொல்வது பொருட்களின் விலையை வைத்தல்ல. வேண்டியது கைக்கு எட்டுகிறது, நடுவே எதுவும் மறிக்கவில்லை, தரை வழுக்கவில்லை, வெளிச்சம் இருக்கிறது, அதனால்தான்.

ஏரியாவும் அப்படியே. மூன்று கேள்விகள்: வேண்டியவை பக்கத்தில் இருக்கின்றனவா, அங்கே போக நேரான வழி இருக்கிறதா, அந்த வழியில் நிம்மதியாக நடக்க முடிகிறதா. இவற்றைக் கூட்டிப் பார்க்கக்கூடாது, பெருக்கிப் பார்க்க வேண்டும். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். எதிரிலேயே காய்கறிக் கடை இருந்தும் நடுவில் ஆறு வழிச் சாலை ஓடினால் அந்தக் கடை உங்களுக்கு இல்லை.

## பக்கம் என்றால் எவ்வளவு?

சாதாரணமாக நடப்பவர் நிமிடத்துக்குச் சுமார் 80 மீட்டர் போவார். ஐந்து நிமிடத்தில் 400 மீட்டர், பத்து நிமிடத்தில் 800. நகரத் திட்டமிடுபவர்கள் பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் இரண்டு அளவுகள் இவை. அமெரிக்காவின் சியாட்டிலில் 2007-இல் தொடங்கிய 'வாக் ஸ்கோர்' என்ற இணையதளம் ஒரு முகவரிக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவதும் இந்த அடிப்படையில்தான்: கடையோ பள்ளியோ ஐந்து நிமிட நடைக்குள் இருந்தால் முழு மதிப்பெண், தூரம் கூடக் கூடக் குறைந்து, அரை மணி நேர நடையைத் தாண்டினால் ஒன்றுமில்லை. அந்த ஊர்களில் வீட்டு விளம்பரத்திலேயே இந்த எண்ணைப் போடுகிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் தூரத்தின் கணக்கு. நிழல் இருக்கிறதா, சாக்கடை மூடி இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வராது.

நம் தேவைக்கு ஒரு சுலபமான விதி போதும். தினமும் வேண்டியது ஐந்து நிமிடத்தில், வாரம் ஒருமுறை வேண்டியது பத்து பதினைந்து நிமிடத்தில், எப்போதாவது வேண்டியது பஸ்ஸிலோ ரயிலிலோ. புடவைக் கடை பக்கத்தில் வேண்டியதில்லை, புடவைக் கடைக்குப் போகும் பஸ் நிற்கும் இடம் பக்கத்தில் இருந்தால் போதும். பலரும் விட்டுவிடும் விஷயம் இது. பஸ் ஸ்டாப்பும் ஸ்டேஷனும் ஐந்து நிமிடத்தில் இருந்தால் உங்கள் கால் பல கிலோமீட்டர் நீண்டுவிடுகிறது. அதிலும் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லா பயணம் 2021-இல் வந்த பிறகு, ஸ்டாப் எங்கே இருக்கிறது என்பது பல வீடுகளில் மாதச் செலவையே மாற்றும் கேள்வியாகிவிட்டது.

ஒன்று கவனியுங்கள். இந்த 80 மீட்டர் உங்கள் நடை. முழங்கால் வலி உள்ள அம்மாவின் நடை அல்ல, கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பவரின் நடை அல்ல, ஐந்து கிலோ அரிசிப் பையோடு திரும்பும்போது உங்கள் நடையும் அதுவல்ல. வீட்டில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய ஐந்து நிமிடத்தைத்தான் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது: நடைவசதி என்பது உடற்பயிற்சிக்கான இடம் பற்றியது அல்ல, அன்றாட வேலை கால் எட்டும் தூரத்தில் முடிகிறதா என்பது. அதற்கு அருகாமை, வழி, நிம்மதி மூன்றும் சேர்ந்து வேண்டும். அருகாமையை நிமிடத்தில் அளக்கலாம். அடுத்தது வழி.

## மேப்பில் போடும் வட்டம் ஏன் ஏமாற்றுகிறது

எல்லோரும் செய்யும் தவறு, வீட்டை மையமாக வைத்து மனதுக்குள் ஒரு வட்டம் போடுவது. அரைக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் பள்ளி இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, அப்பாடா என்று முடிவு செய்துவிடுவது. மனிதன் காக்கை மாதிரி பறப்பதில்லை, தெரு போகிறபடிதான் போக முடியும். வீட்டு வாசலிலிருந்து தெருக்கள் வழியாக, சொன்ன நேரத்துக்குள் உண்மையில் போய்ச் சேரக்கூடிய பரப்பை நடையெல்லை என்று வைத்துக்கொள்வோம்.

தாயக்கட்டம் மாதிரி நேரான தெருக்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் இடத்தில், 400 மீட்டருக்கான நடையெல்லை ஒரு சாய்சதுர வடிவத்தில் வரும். கணக்குப் போட்டால் அது முழு வட்டத்தில் 64 சதவீதம். அதாவது ரொம்ப ஒழுங்கான தெரு அமைப்பிலேயே வட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கைவிட்டுப் போகிறது. அப்படியென்றால் ஒரே ஒரு கேட், சுற்றிலும் மதில், முட்டுச் சந்துகள் உள்ள இடத்தில் என்ன மிஞ்சும்?

என் அலுவலகம் என் பால்கனியிலிருந்து தெரிந்தது. நேர்கோட்டில் அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது, அதைப் பார்த்துத்தான் வீட்டை எடுத்தேன். குடியிருப்பின் கேட் பின்பக்கத் தெருவில் இருந்தது. மதிலைச் சுற்றி வந்து, சர்வீஸ் ரோட்டைப் பிடித்து, நடுவில் தடுப்பு உள்ள மெயின் ரோட்டைக் கடக்க ஓர் இடம் கிடைக்கும்வரை நடந்து, பிறகு அந்தப் பக்கத்தில் திரும்பி வந்தால் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். மே மாதத்தில் இரண்டே நாள்தான் நடந்தேன்.

இப்படி நடையெல்லையை வெட்டிப்போடும் கோடுகள் சென்னையில் நிறைய: ரயில் பாதை, ஆறு, கால்வாய், பெரிய சாலை. ஓஎம்ஆருக்கும் ஈசிஆருக்கும் (கிழக்குக் கடற்கரைச் சாலை) நடுவே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. பாலம் இருக்கும் இடத்தில்தான் கடக்கலாம், ஆகவே மேப்பில் கை தொடும் தூரத்தில் உள்ள எதிர்க்கரை நடப்பவருக்கு வேறு ஊர். தி.நகரும் மேற்கு மாம்பலமும் ரயில் பாதைக்கு இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வண்டிகள் துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை என்று சில இடங்களில்தான் நுழைந்து மறுபக்கம் போக முடியும், பெருமழையில் அங்கே தண்ணீர் தேங்கிவிட்டால் அதுவும் இல்லை. அங்கே மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீளத்துக்கு ஓர் ஆகாய நடைபாதையை 2023 மே மாதம் திறந்தார்கள். புதிதாக ஒரு கடையும் வரவில்லை, ஸ்டேஷனும் இடம் மாறவில்லை. ஆனாலும் ரயிலிலிருந்து இறங்கி ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் மூட்டையோடு புகுந்து போக வேண்டியவர்களுக்கு பஸ் நிலையம் பக்கத்தில் வந்துவிட்டது. தூரத்தை வழிதான் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

## கடைகள் ஏன் சில இடங்களில் மட்டும் முளைக்கின்றன?

மயிலாப்பூரில் கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி மாட வீதிகள். தெற்கு மாட வீதியில் காய்கறி, கோயிலை ஒட்டிப் பூ, பாத்திரக் கடை, காபிப்பொடிக் கடை, நவராத்திரி நெருங்கினால் வடக்கு மாட வீதி முழுக்க கொலு பொம்மை. கொஞ்சம் நடந்தால் திருமயிலை பறக்கும் ரயில் நிலையம். இது யாரோ ஒரு வரைபடம் போட்டு வைத்ததல்ல, பணக்கார ஏரியா என்பதால் வந்ததும் அல்ல. திருவல்லிக்கேணியில் இதைவிட நெருக்கமாக எல்லாம் இருக்கிறது.

காரணம் எளிமையானது. ஒரு மாவுக் கடை பிழைக்க, அதற்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் இத்தனை வீடுகள் வேண்டும். வீடுகள் நெருக்கமாக இருந்தால் ஆள் வருவார்கள், கடை நிற்கும். அந்தக் கடைக்குப் போகிறவர்கள் வழியில் இன்னொன்றும் வாங்குவார்கள், பக்கத்தில் ஒரு பூக்காரம்மா உட்கார்வார், ஓரமாக ஒரு தையல் மிஷின் வரும். வீடும் கடையும் கிளினிக்கும் ஒரே தெருவில், சில நேரம் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாகக் கலந்து இருப்பதைக் கலப்புப் பயன்பாடு என்பார்கள். நம் பழைய தெருக்களில் அது தானாகவே வந்தது. கீழே கடை, மாடியில் வீடு.

என் பழைய குடியிருப்பில் ஆயிரத்துக்குப் பக்கம் வீடுகள் இருந்தும் வெளியே கடை வரவில்லையே என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஆள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் தெருவில் கால் வைக்கவே இல்லை. பேஸ்மென்டிலிருந்து காரில் நேராக மெயின் ரோட்டுக்குப் போனார்கள். தெருவில் இருந்தது மதில் மட்டுமே. மதிலுக்கு எதிரே யார் கடை போடுவார்? கடை இல்லாததால் நடப்பவர் இல்லை, நடப்பவர் இல்லாததால் கடை இல்லை.

ஆக, ஏரியாவின் பெயரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். ஒரே ஏரியாவில் ஒரு தெரு இப்படியும் மூன்று தெரு தள்ளி அப்படியும் இருக்கும்.

## நடைபாதை முக்கியம்தான், ஆனால்

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலத்துக்கு எந்தத் தடையும் இருக்கக்கூடாது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரும் புதிருமாகக் கடக்க வேண்டிய அகலம் அது. உயரமும் சாலையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. 2019-இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதைகள் வந்தன, அங்கே தாத்தா பாட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது.

ஆனால் நகரம் முழுக்க அப்படி இல்லை. டிரான்ஸ்ஃபார்மர், மின்பெட்டி, நிறுத்தின பைக், ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் ஒரு சரிவு என்று ஏறி இறங்கி, கடைசியில் எல்லோரும் சாலையிலேயே நடக்கிறோம். இங்கேதான் புதிதாக வருபவர்கள் தடுமாறுகிறார்கள். நடைபாதை இல்லாத தெருவெல்லாம் நடக்கத் தகுதியில்லாதது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. குறுகலான உள்தெருவில் வண்டிகள் மெதுவாகத்தான் போக முடியும், ஓட்டுபவர் உங்களைப் பார்க்கிறார், நீங்கள் அவரைப் பார்க்கிறீர்கள். வேகம் குறைந்தால் மோதினாலும் அடி குறைவு. அறுபதில் வண்டிகள் பறக்கும் சாலையில் ஓரமாக அழகான நடைபாதை இருந்தாலும், அதைக் கடந்து எதிர்ப்பக்கம் போக வேண்டிய நாளில் அது உதவாது. ஒரு வயதானவரோடு அந்தச் சாலையின் ஓரத்தில் நின்று, எப்போது இடைவெளி கிடைக்கும் என்று காத்திருந்தவர்களுக்கு இது தெரியும். என்னைக் கேட்டால் நடைபாதைக்கு முன் வேகத்தைப் பாருங்கள், அதற்கு முன் கடக்கும் இடத்தைப் பாருங்கள்.

நிழலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னையில் அது வசதி இல்லை, தேவை. கத்திரி வெயிலில் மரமில்லாத 400 மீட்டரும், தூங்குமூஞ்சி மரமும் புங்கையும் நிற்கும் 400 மீட்டரும் ஒன்றல்ல. 2016 டிசம்பரில் வர்தா புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, அடுத்த கோடையில் பழகிய தெருவிலேயே நடக்க முடியாமல் போனது பலருக்கு நினைவிருக்கும்.

சுருக்கமாக: நடையெல்லையைக் குறைப்பவை மதில்களும் கடக்க முடியாத கோடுகளும். கடை நிலைப்பது நடப்பவர் இருப்பதால். நடைபாதை நல்லது, ஆனால் வண்டியின் வேகமும் கடக்கும் வசதியும் நிழலும் அதற்குச் சமமாக முக்கியம்.

## வீடு பார்க்கப் போகும் அன்று

முதலில் வீட்டுக்குள் போகாதீர்கள். ஸ்டேஷனிலோ பஸ் ஸ்டாப்பிலோ இறங்கி, புரோக்கரின் வண்டியில் ஏறாமல் நடந்து வாருங்கள். அவர் கொஞ்சம் சலித்துக்கொள்வார், பரவாயில்லை. மேப்பில் பார்ப்பதானால் நடந்து போகும் வழியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், ஆனால் மேப்புக்குத் தெரிந்த சந்து நேரில் பூட்டிய கேட்டாக இருப்பது உண்டு.

பிறகு ஒரு சின்ன வேலை. அந்த வாசலிலிருந்து கிளம்பி அரை லிட்டர் பால், ஒரு மாவு பாக்கெட், ஒரு தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புங்கள். எத்தனை நிமிடம், எத்தனை முறை சாலையைக் கடந்தீர்கள், எங்கே வண்டிக்காகச் சுவரோரம் ஒதுங்கினீர்கள் என்று உடனே தெரிந்துவிடும். முடிந்தால் இதையே மத்தியானம் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை. இரவில் விளக்கு எரிகிறதா என்பதோடு, தனியாக ஒரு பெண் சாதாரணமாக நடந்து போகிறாரா என்று பாருங்கள். பகலில் பாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் துணையில்லாமல் நடக்கிறார்களா என்று பாருங்கள். அவர்கள் நடக்கிறார்கள் என்றால் அந்தத் தெரு நீங்கள் கேட்க நினைத்த பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டது.

இஸ்திரி வண்டிக்காரரிடம் பேசுங்கள். எந்த மழைக்குத் தண்ணீர் எவ்வளவு நின்றது, எத்தனை நாளில் வடிந்தது என்று அவர் சொல்வதுபோல் யாரும் சொல்ல மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தெருவில் மற்ற பத்து மாத நடைவசதியை நம்பிப் போகிறோமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். மதில் சுவர்களில் படிந்திருக்கும் கறைக்கோடும் அதே கதையைச் சொல்லும். மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் அது முடியும்வரை நடப்பது சிரமம், அதையும் கணக்கில் வையுங்கள்.

எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காது. இப்படிப்பட்ட பழைய ஏரியாக்களில் வீடு சின்னதாக இருக்கும், லிஃப்ட் இருக்காது, கார் நிறுத்த இடம் இருக்காது, சத்தம் இருக்கும். அதே வாடகைக்குப் புறநகரில் ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கு அந்த அறை தேவைப்படலாம். ஆனால் ஒப்பிடும்போது வாடகையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள், இரண்டாவது வண்டி, அதன் பெட்ரோல், ஆட்டோ, வீட்டுக்கு வரவழைக்கும் பொருளுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

நாங்கள் ஒப்பந்தம் முடிந்ததும் மேற்கு மாம்பலத்துக்கு வந்தோம். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஓர் அறை குறைவு, நான் ஆபீசுக்கு பஸ் மாறிப் போகிறேன். அம்மா படியில் நின்று நின்றுதான் ஏறுகிறாள். ஆனால் காலையில் நான் எழுந்து வரும்போது பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை. கீழே இறங்கிக் கீரை வாங்கப் போயிருப்பாள்.